மேசைமணி நடந்த தூரம்

வலி முழுதும் தீராமல் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை என்று தலைமையாசிரியர் சபதம் செய்தது, அந்தத் தும்மலுக்குப் பிறகுதான். அதுவரை அவர் இரும்பு.

குடலிறக்க அறுவைக்கு அவரை மயக்கவில்லை. வயிற்றின் ஓரத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். யாரோ யாருடைய சட்டைப்பையையோ துழாவுவது போலிருந்ததே தவிர, அது தம் வயிறென்று நம்ப முடியவில்லை. இருமச் சொன்னார்கள், இருமினார். அதுவும் வலிக்கவில்லை. மனித உடலின் மகிமையை எண்ணி மலைத்தபடியே வீடு வந்தார்.

"மரமரப்பு விடறதுக்குள்ள மாத்திரையைப் போடச் சொல்லியிருக்காங்க," என்றாள் மனைவி.

"இரும்புக்கு எதுக்கு மாத்திரை?"

மாலையில் தும்மல் வந்தது. இரும்பு உருகிப் பாகாயிற்று. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாத்திரையை அவரே கேட்டு வாங்கினார். பள்ளியிலிருந்து தம் மேசைமணியை வரவழைத்துத் தலைமாட்டு முக்காலியில் வைத்தார். தட்டினால் ஆள் ஓடிவரும் உலகில் வாழ்ந்தவர் அல்லவா?

டிங். தண்ணீர். டிங். போர்வை. டிங். மின்விசிறி.

"கொஞ்சம் கொஞ்சமா நடந்தாத்தாங்க வலி விடும். இப்படியே கெடந்தா பள்ளிக்கூடத்தை எப்பப் பாக்கறது?"

"நடந்தா தையல் தெறிச்சுடும்."

"டாக்டரே நடக்கச் சொன்னாரே?"

"வயிறு அவருதா, என்னுதா?"

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மணி சன்னல் விளிம்பில் இருந்தது. "முக்காலியில மருந்து வச்சிருக்கேன், இடமில்ல." ஒருக்களித்துப் புரண்டு, கையூன்றி, தலையணையை அழுத்திப் பிடித்து எழுந்தார். தையல் தெறிக்கவில்லை. அதிசயமாகத்தான் இருந்தது.

பிறகு மணி கதவோரம் போயிற்று. "தூசி தட்டினேன்." அப்புறம் கூடத்துக்கு. "அங்க இருந்தாத்தான் எனக்கு நல்லாக் கேக்குது." அவர் கூடம்வரை போய் மணியடித்துவிட்டு, கட்டிலுக்குத் திரும்பிப் படுத்து, அவள் வரவுக்காகக் காத்திருந்தார்.

ஒரு காலையில் கூடத்திலும் மணியைக் காணோம். நாக்கு வறண்டது. வீடெங்கும் தேடினார். சமையலறையில், தண்ணீர்க்குடத்தை ஒட்டி அது பளபளத்தது. ஓங்கித் தட்டினார்.

"என்னங்க வேணும்?" கூடத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி."

"எங்கிருந்து கேக்கறீங்க?"

அவர் சுற்றிப் பார்த்தார். கட்டில் வெகுதொலைவில் இருந்தது. தலையணையை எங்கே விட்டோம் என்பதே நினைவில்லை. இத்தனை தூரமும் நடந்தது தம் கால்கள்தானா? குடத்தையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியே எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க."