ஒரு கூரைக்கு ஒரு ஃபைபர்

வீடு என்றால் என்ன என்று நாட்டில் யாரும் இதுவரை தலையை உடைத்துக்கொண்டதில்லை. இருக்கிறவன் இருந்தான், இல்லாதவன் ஏங்கினான். ஒளியிழைப் பணியகம் வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. ஃபைபர் கேபிளைத் தோட்டப்புற மக்களின் வாசல்வரை இழுத்து, வேகமான இன்டர்நெட் கொடுப்பது பணியகத்தின் திருப்பணி. வாசல் எத்தனை என்று தெரியாமல் கேபிள் இழுக்க முடியாதல்லவா? ஆகவே கொழும்பில் கூடிய உயர்மட்டக் குழு, தேத்தண்ணி குடித்து, பற்றிஸ் தின்று, ஆழ்ந்து ஆலோசித்து, "வீடெனப்படுவது ஒரு கூரை" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கூரை என்றால் வானத்திலிருந்து படம்பிடித்தே எண்ணிவிடலாம். யாரும் மலையேறி அட்டைக்கடி படவேண்டியதில்லை.

ருவான்வெல்லைக்கு மேலே கிரிமெட்டி ரப்பர் தோட்டம். அதன் கீழ் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் ஐந்து லயம். லயத்துக்குப் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், எல்லார் தலைக்கும் மேலே நீளமாக ஒரே தகரக் கூரை. வானத்திலிருந்து பார்த்த பணியகம் "வீடுகள்: ஐந்து" என்று எழுதிக்கொண்டது. அத்தோடு விட்டதா? ஒவ்வொரு வீடும் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவைவிட நீளமாகத் தெரிந்ததால், "இங்கு வசிப்போர் மிகுந்த வசதி படைத்தோர்" என்றும் ஒரு குறிப்பைச் சேர்த்தது.

இந்த வசதி படைத்தோரில் ஒருத்திதான் இரண்டாம் லயத்துச் சுமித்ரா. உயர்தரம்வரை படித்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அதே பணியகத்தின் முறைப்பாட்டுப் பிரிவில், ஃபைபர் வேலை செய்யாதவர்களின் ஏச்சை வீட்டிலிருந்தபடியே போனில் கேட்கும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் ஃபைபர் இருக்கவேண்டும். தீபாவளிக்குள் இல்லாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். டிவிசனில் சாதாரண போனில் பேசத்தான் முடியும். அதற்குமேல் ஒன்றும் நகராது.

வேலை போனால் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். ஏஜன்ட் பாஸ்போட்டை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். புருசன் கொழும்பில் கடையொன்றில் மூட்டை தூக்குகிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். மகள் கவிஷ்காவுக்கு ஏழு வயது. அம்மா தலை பின்னிவிடாவிட்டால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை.

ஒருநாள் பணியகத்தின் திட்டமிடல் உத்தியோகத்தர் நுஹ்மான் வந்தார். ருவான்வெல்லை பஸாரில் பிறந்து வளர்ந்தவர், தங்கமான மனிதர், ரூலைத் தவிர வேறெதற்கும் பயப்படாதவர்.

"தங்கச்சி, ஒங்கட லயத்துக்கு ஒரு கனெக்ஷன் இரிக்கி. வீட்டுத் தலைவர் ஆருன்னு சொன்னா போட்டுட்டுப் போறன்."

"இங்க பன்னெண்டு வீடு இருக்குங்க சேர்."

"எங்க? எனக்கு ஒரு கூரை தானே தெரியுது."

"கூரைக்குக் கீழ பாருங்க சேர்."

"கீழ பாக்கிறதுக்கு எங்களுக்கு பட்ஜெட் இல்ல தங்கச்சி."

வீட்டுத் தலைவர் யார் என்ற கேள்வி எழுந்ததுமே, தொழிற்சங்கத் தலைவர் வேலுசாமி மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஆனாலும் ஃபைபர் என்பது இப்போது வெறும் இன்டர்நெட் இல்லையே! ஃபைபர் வரப்போகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட, "ஃபைபர் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எஹலியகொடையில் பழைய ரவுட்டர் வாங்கிவந்து, டிவிக்கு மேல் வைத்து, கரண்ட் கொடுத்து, பூவும் வைப்பது டிவிசனில் நாகரிகமாகிவிட்டது. விளக்கு மினுங்கினால் போதும், வேறு யாரும் எதையும் கேட்பதில்லை. ஆகவே பன்னிரண்டு காம்பராவிலிருந்தும் பன்னிரண்டு தலைவர்கள் கிளம்பினார்கள். அன்று சாயந்தரத்துக்குள் மூன்று பேர் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நுஹ்மான் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டார். சுமித்ரா பின்னாலேயே ஓடினாள்.

"சேர், தனிக் கூரை இருந்தா தனி வீடுங்களா?"

"ஓ. ரூல் அப்படித்தான் சொல்லுது."

"எவ்வளவு பெரிய கூரைன்னு ரூல்ல இருக்குங்களா?"

நுஹ்மான் நின்று யோசித்தார். "இல்ல. தனியா இரிந்தா சரி."

அந்த இடத்தில்தான் சுமித்ராவின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம் என்று அவள் பிற்பாடு பலதடவை நினைத்துக்கொண்டாள்.

கூரை தோட்டக் கம்பனியின் சொத்து. எனவே வேலுசாமியையும் அழைத்துக்கொண்டு தொரையிடம் போனாள். கூரை என்ற சொல்லைக் கேட்டதுமே தொரை கையை உயர்த்தினார்.

"கூரை ரிப்பேர் எல்லாம் இப்ப முடியாது. அதுக்கு ஹெட் ஒபிஸ் அனுமதி வேணும். கேட்டு நாலு வருசம்."

"ரிப்பேர் இல்லீங்க தொரை. வெட்டணும்."

"வெட்டவா?" தொரையின் முகம் மலர்ந்தது. "அது டேமேஜ் தானே. டேமேஜுக்கு அனுமதி தேவையில்ல. நடந்த பிறகு ரிப்போட் பண்ணினா போதும். சரி, வெட்டுங்க."

நாலு வருசமாக ஒழுகிய கூரைக்குக் கிடைக்காத அனுமதி, வெட்டுவதற்கு நாலு நிமிசத்தில் கிடைத்துவிட்டது. வேலுசாமி இதைச் சங்கத்தின் வரலாற்று வெற்றியாக அறிவித்தார்.

மறுநாளே வேலை தொடங்கியது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவருக்கு நேர் மேலே, ஒரு அடி அகலத்துக்குத் தகரத்தை வெட்டி எடுத்தார்கள். தினம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கைகளுக்குத் தகரம் ஒரு பொருட்டா? ஒரே ஒருத்திதான் முணுமுணுத்தாள். சுமித்ராவின் பக்கத்துக் காம்பரா கருப்பாயி. தனியாக இருப்பவள், தோட்டத்துக்கென்று அரசாங்கம் அறிவித்த புதிய வீட்டுத் திட்டத்தில் முதல் பெயர் அவளுடையது, அந்த வருசமே வீடு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

"ஏன்டி, மழை பேஞ்சா எங்கடி விழும்?"

"நடுவுல விழும்க்கா. அது யாரு வீடும் இல்ல."

"நடுவுல சுவருல்ல இருக்கு?"

"சுவரும் யாருக்கும் சொந்தமில்லக்கா."

கருப்பாயிக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் படித்த பிள்ளை சொல்கிறது. அதுவுமில்லாமல் எல்லாரும் வெட்டும்போது தான் மட்டும் வெட்டாமலிருந்தால் லயம் என்ன நினைக்கும்? அவளும் ஏணியைப் பிடித்தாள். இரண்டாம் லயத்தைப் பார்த்து மற்ற லயங்களும் வெட்டின. நாலாம் லயத்தில் ஒருபடி மேலே போய், ஓரத்தை அலை அலையாக டிசைன் வைத்து வெட்டினார்கள். வெட்டாத கூரை வைத்திருப்பவர்களை டிவிசனில் பட்டிக்காடு என்றார்கள்.

ஐப்பசி மழை யார் அனுமதியையும் கேட்காமல் வந்து இறங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத சுவர்கள் இரண்டு பக்கமும் சமமாக ஒழுகின. பாயைச் சுருட்டிக்கொண்டு, சட்டிபானைகளைப் பரப்பிவைத்து, மக்கள் பெருமையோடு காத்திருந்தார்கள்.

பணியகம் மறுபடி வானத்திலிருந்து பார்த்தது. கீழ் டிவிசனில் வீடுகள்: அறுபது! கொழும்பில் கைதட்டினார்கள். மழை வேறு பெய்துகொண்டிருந்ததால் திறப்பு விழா குடைக்குக் கீழே இனிது நடந்தேறியது. ஆளுக்கொரு கனெக்ஷன், ஆளுக்கொரு ரவுட்டர். நுஹ்மானுக்குப் பதவி உயர்வு. அரசாங்கத்தின் வீடமைப்புப் பிரிவும் சும்மா இருக்குமா? அதே வானப் படத்தை எடுத்துப் பார்த்து, கிரிமெட்டியில் ஒரே மாதத்தில் ஐம்பத்தைந்து புதிய வீடுகள் எழும்பியிருப்பதாக அறிக்கை விட்டது. இலக்கு நிறைவேறிவிட்டதால், தோட்டத்துக்கென்று ஒதுக்கியிருந்த வீட்டுத் திட்டத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றியது. வீடிருப்பவர்களுக்கு எதற்கு வீடு?

செய்தி கேட்டு கருப்பாயி அழவில்லை. வாசலில் உட்கார்ந்து, வாளி நிறைய நிறைய மழைத் தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். சுமித்ரா அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுப் பின்பக்கமாகக் குழாயடிக்குப் போனாள்.

தீபாவளிக்கு முந்திய திங்கட்கிழமை சுமித்ரா வேலையில் சேர்ந்தாள். ஏஜன்டிடமிருந்து பாஸ்போட் திரும்பி வந்தது. கவிஷ்காவுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு, மேசைக்கு மேல் குடையொன்றைக் கட்டி, அதன் கீழே கம்ப்யூட்டரை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் மூன்று மாதம் தற்காலிக வேலை. வாடிக்கையாளர் போடுகிற புள்ளியைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். பேச்செல்லாம் பதிவாகும், எழுதிக்கொடுத்ததைத் தவிர ஒரு சொல்லும் பேசக்கூடாது. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. முதல் போன் வந்தது.

"வணக்கம். ஒளியிழைப் பணியகம். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"பெட்டிக்குள்ள தண்ணி போயிருச்சுங்க. வெளக்கெல்லாம் அணைஞ்சிருச்சு."

குரல் ஹெட்போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

"சிரமத்துக்கு வருந்துகிறோம் அம்மணி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"கூரையிலருந்துதான். ஏன்டி, நீ சுமித்ரா தானே? கொஞ்சம் வந்து பாரேன்டி."

எழுந்து நாலு எட்டு வைத்தால் அவள் வாசல். ஆனால் பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. சுமித்ரா திரையில் இருந்ததை வாசித்தாள்.

"கூரை தொடர்பான முறைப்பாடுகளை எமது பணியகம் பொறுப்பேற்பதில்லை அம்மணி. தயவுசெய்து கட்டட உரிமையாளரை அணுகவும். எமது சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுங்கள்."

அந்தப் பக்கம் பொத்தான் அமுங்கியது. ஐந்து.

"அஞ்சு போட்டிருக்கேன்டி!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருப்பாயி கத்தினாள். "இந்த வயசு வரைக்கும் என்னைய யாருடி அம்மணின்னு கூப்பிட்டிருக்கா?"

சுமித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். முறைப்பாட்டை எப்படி முடித்துவைப்பது என்று திரை கேட்டது. இரண்டே பதில்தான் இருந்தன. 'தீர்க்கப்படவில்லை' என்றால் புள்ளி கணக்கில் சேராது. சுமித்ரா 'தீர்க்கப்பட்டது' என்பதை அழுத்திவிட்டு, அடுத்த போனை எடுத்தாள்.