கழுவப்பட்ட சைக்கிள்கள்

வேல்ஸ் நாட்டு மலைக் கிராமமான நான்ட்கோக் மனித குலத்துக்கு அளித்த மாபெரும் கொடை, அதன் சேற்று சைக்கிள் பந்தயம். நடத்துவது ஐந்து பேர் குழு. குழு எதையும் அவசரப்பட்டுச் செய்யாது. யோசித்தும் செய்யாது.

பந்தயம் நடப்பது தலைவர் கெதின் பிராசரின் மேய்ச்சல் நிலத்தில். பந்தயத்தன்று காலைவரை முந்நூறு செம்மறிகளை அங்கேயே மேயவிட்டுப் புல்லைக் குறைப்பது அவருடைய "இயற்கை முறை". ஆடுகளும் நன்றி மறப்பதில்லை. தின்றதற்குப் பதிலாகத் தாராளமாக விட்டுச் செல்லும். மழையும் பெய்தால் அதுவே "தரமான சேறு".

கூட்டக் குறிப்பு எழுதுபவள் மெரெரித். மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் மலத்தில் கிருமி தேடுவது அவள் வேலை. கூட்டத்தில் வாயே திறக்காதவள், இம்முறை திறந்தாள்.

"கெதின் மாமா, ஆடுங்கள மூணு வாரம் முன்னாடியே வேற வயலுக்கு மாத்திடலாமா? புழுக்கையில கிருமி இருக்கும். சின்னப் பிள்ளைங்களும் ஓட்டுதுங்க."

"அம்மாடி, பொறந்ததுலேர்ந்து அந்தச் சேத்துலதான் புரள்றேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அந்தக் கேள்விய நாங்க கேக்கறதையே விட்டுட்டோம்ப்பா," என்றார் துணைத்தலைவர் இவோர். சிரிப்பு அடங்க நேரமானது.

"கை கழுவவாவது ஒரு குழாய்..."

"இருக்கறது ஒரே குழாய். அது சைக்கிளுக்கு. சேறு காஞ்சா சங்கிலி என்னத்துக்கு ஆகும்?" என்றார் கெதின்.

பந்தயத்தன்று நல்ல மழை. நூற்றுப் பன்னிரண்டு பேர் சேற்றைப் பூசிக்கொண்டு, கொஞ்சம் விழுங்கி, அதே கையால் வண்டிக்கடைக்காரியிடம் பர்கர் வாங்கித் தின்றார்கள். கெதினின் ஆறு வயதுப் பேத்தி நெஸ்டா சிறுவர் சுற்றில் முதலிடம். சேறு படிந்த பதக்கத்தைக் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மெரெரித்தின் மேசைக்கு மாதிரிகள் வரத் தொடங்கின. மொத்தம் முப்பத்தெட்டு. ஒன்றில் நெஸ்டாவின் பெயர். அடுத்த வாரம் அவளுடைய சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது; கார்டிஃப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது.

"பர்கர்க்காரிதான் காரணம்னு எழுதிக்கோ," என்றார் கெதின். கண்கள் சிவந்திருந்தன.

"நெஸ்டா கறியே தொடமாட்டா மாமா. உங்க வயல் சேத்தயும் எடுத்துப் பாத்துட்டேன். அவகிட்ட இருக்கறதும் அதுல இருக்கறதும் ஒரே கிருமி."

"அதுக்காக எல்லாமே தப்புன்னு எழுதிடாதம்மா," என்றார் இவோர். "குழு ஒண்ணுகூடவா ஒழுங்கா செய்யல?"

மெரெரித் யோசித்து எழுதினாள். வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள்:

"குழுவின் முன்னெச்சரிக்கை முழுப் பலன் அளித்தது. கழுவப்பட்ட நூற்றுப் பன்னிரண்டு சைக்கிள்களும் நலம்."