முப்பத்திரண்டு பாட்டும் ஒரு படமும்

எடுக்கவே தொடங்காத படத்துக்கு மன்றம் வைத்து, பலகை மாட்டி, அங்கத்தினர்களுக்குக் கைதட்டப் பயிற்சியும் கொடுத்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் முப்பத்திரண்டு அண்ணன்தான். வேறு யாராவது இருப்பதாகச் சொன்னால் நம்பமாட்டேன்.

எண்பதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். அவர் அங்கே பளபளப்பு ஏறுவதற்காகக் கப்புகளைக் கிளேஸ் பூச்சில் முக்கி எடுக்கிறவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். முப்பத்திரண்டு என்றதும் பற்களைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வெற்றிலை போட்டுப் போட்டு அதில் பாதிதான் மிச்சம். ‘குமுதபுரி இளவரசி’ என்ற இசை நாடகத்தில் மொத்தம் முப்பத்திரண்டு பாட்டு. அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கிளேஸ் தொட்டி முன்னால் காலையில் முதல் பாட்டைத் தொடங்கினால், சங்கு ஊதும்போது இளவரசிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.

மாசி மகத்துக்கு அந்த நாடக கம்பெனி ஊருக்கு வந்தால் அவர் வேலைக்கு வரமாட்டார். ஒரு தடவை மேடையில் ராஜா பதினோராவது பாட்டை விட்டுவிட்டு வசனத்துக்குத் தாவிவிட்டார். முன்வரிசையில் இருந்து இவர் எழுந்து, “ராஜாவே, ஒரு பாட்டு பாக்கி இருக்குது!” என்றார். ராஜா சிம்மாசனத்தில் மறுபடி உட்கார்ந்து அதைப் பாடிவிட்டுத்தான் போருக்குப் போனார்.

அப்படிப்பட்டவர் கண்ணில், ஒரு வாரப் பத்திரிகையின் மூலையில் வந்த இரண்டு வரிச் செய்தி பட்டது. ‘குமுதபுரி இளவரசி’ நாடகம் சினிமாவாகப் போகிறதாம்.

மறுநாளே ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில் மன்றம் பிறந்துவிட்டது. அவர் தலைவர். கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக நான் செயலாளர். டீக்கடைக்காரரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் அங்கத்தினர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கைதட்டப் பயிற்சி. “பாட்டு முடிஞ்சப்பறம்தான் தட்டணும். நடுவுல தட்டுனா நீ ரசிகன் இல்ல, கொசு அடிக்கறவன்” என்பது தலைவர் உத்தரவு.

டைரக்டருக்கு வாரம் ஒரு கார்டு. அண்ணன் சொல்வார், நான் எழுதுவேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குள் வேறு ஒரு சேதி வந்தது. படத்தில் ஐந்து பாட்டுதான் வைக்கப் போகிறார்களாம்.

அன்று முழுக்க அவர் பாடவில்லை. கிளேஸ் பிரிவே செத்த வீடு மாதிரி இருந்தது. சாயங்காலம் என்னிடம் வந்தார்.

“கார்டு போட்டா குப்பையில போடுவாங்க. கப்பைப் போட முடியாதுல்ல தம்பி?”

சூப்பர்வைசரைக் கெஞ்சி, கழித்துப்போட்ட கோணல் கப்புகளில் முப்பத்திரண்டை வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டின் முதல் அடியைத் தூரிகையால் எழுதிச் சூளையில் வைத்தார். எடுத்துப் பார்த்தபோது இளவரசியின் சோகப் பாட்டில் மட்டும் எழுத்து உருகிக் கீழே ஒழுகியிருந்தது. “அது அழுவுற பாட்டு. அப்படித்தான் இருக்கும்” என்றார்.

பெட்டியில் வைக்கோல் போட்டுக் கப்புகளை அடுக்கி மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம். வழியனுப்ப வந்த அவர் மனைவி தனம் அண்ணி, “என்னைப் பொண்ணு பாக்க வரப்பகூட இவரு இவ்ளோ வெரசா கெளம்பல” என்றார். விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றிய குலுக்கலில் ஒரு கப் உடைந்தது. எடுத்துப் பார்த்தார். தளபதியின் போர்ப் பாட்டு.

“தளபதி சண்டையில பூட்டாரு. மத்தவங்க பத்திரம்” என்று பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

டைரக்டர் ஆபீஸ் வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் அண்ணன் துண்டை விரித்து முப்பத்தோரு கப்பையும் வரிசையாக வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் விலை கேட்டார்கள். ஒரு அம்மாள் ஆறு கப் வேண்டும் என்று சண்டைக்கே வந்துவிட்டார். அந்தக் கூச்சலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் டைரக்டர்.

“யோவ், வியாபாரத்தை வேற எடத்துல வச்சுக்கய்யா.”

“வியாபாரம் இல்லீங்க. பாட்டுங்க. உங்க படத்துப் பாட்டு.”

அவர் இறங்கி வந்து ஒவ்வொரு கப்பாக எடுத்துப் படித்தார். சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டரை மணி நேரப் படம்யா. இத்தனை பாட்டை வச்சா கதையை எங்க வைக்கிறது?”

“கதையைக் கொறைச்சிக்குங்க சார்.”

டைரக்டர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “சரி, எதை வைக்கணும்னு நீயே அஞ்சு எடுத்துக் குடு. சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்” என்று உள்ளே போனார்.

முதல் கப்பை எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆயா பாடும் தாலாட்டு. “இது உங்க அண்ணிக்குப் புடிச்சது. இது இல்லாம நான் வூட்டுக்குப் போவ முடியாது” என்று தனியாக வைத்தார். அதோடு நின்றுவிட்டது. ஒன்றை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். இன்னொன்றை எடுப்பார். முகத்தில் வியர்வை.

“பெத்த புள்ளைங்கள வரிசையில நிக்க வச்சி, இதுல அஞ்சுக்குத்தான் சோறுன்னா எப்படி தம்பி?”

இரண்டு மணி நேரம் கழித்து டைரக்டர் வந்தார். இவர் தாலாட்டுக் கப்பை மட்டும் நீட்டினார்.

“இந்த ஒண்ணை வச்சிடுங்க சார். மத்ததை நாங்க பாடிக்கறோம்.”

டைரக்டர் சிரிக்கவில்லை. கப்பை வாங்கிக்கொண்டு, “பாக்கலாம்” என்றார். முப்பது கப்போடு ஊர் திரும்பினோம்.

ஒரு வருடம் கழித்துப் படம் வந்தது. அவர் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, மன்றத்தோடும் அண்ணியோடும் மேட்னிக்கு வந்தார். திரையில் குமுதபுரியைக் காணோம். இளவரசி காலேஜில் படித்தாள். ராஜா எஸ்டேட் முதலாளி. நான்கு பாட்டு, நான்கும் புதுசு. ஆட்டோக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். கைதட்டப் பயிற்சி எடுத்த கைகள் எல்லாம் கட்டியபடி இருந்தன. நான் அவர் பக்கம் திரும்பவே பயந்தேன்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு காட்சி. பங்களாவில் ஒரு ஆயா தொட்டிலை ஆட்டுகிறாள். வாத்தியம் எதுவும் இல்லை. மெதுவாக இரண்டே அடி முணுமுணுக்கிறாள். அதே தாலாட்டு, அதே மெட்டு. மூன்றாம் அடிக்குள் போன் மணி அடித்துக் காட்சி மாறிவிட்டது.

“தனம், வந்துடுச்சி பாத்தியா!”

“வந்துடுச்சிங்க” என்றார் அண்ணி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “படத்தைப் பாருங்க, எல்லாரும் நம்மளப் பாக்கறாங்க” என்றார். அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். தியேட்டரில் வேறு ஒருவரும் தட்டவில்லை. பிறகு நான் தட்டினேன். ஆட்டோக்காரர்கள் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மன்றத்தில் கலவரம். டீக்கடைக்காரர் போஸ்டரைக் கிழிக்கப் போனார். தலைவர் குறுக்கே நின்றார்.

“ஏன்யா, ரெண்டு அடி வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சி. அதுக்காவ?”

“ஒரு கப்புக்கு ரெண்டு அடி வந்திருக்குது. இன்னும் முப்பது கப்பு இருக்குது. அந்தாளு அடுத்த படம் எடுக்காமயா பூடுவாரு? தம்பி, கார்டை எடு.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்று அவரிடம் சொல்லவேண்டிய சேதி ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. சேலத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. கார்டு நிரம்பியது. அவர் சொல்வதற்கு எதுவும் பாக்கி இல்லை.

“இன்னொரு கார்டு வாங்கியாங்கண்ணே” என்றேன். “கையெழுத்து சரியா வரல. மொதல்லேர்ந்து சொல்லுங்க.”