சம்பந்தியோடு பார்த்த பிரெஞ்சுப் படம்

பிரெஞ்சுப் படம் என்றால் முத்தங்களுக்கு நடுவே கொஞ்சம் கதை வரும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். ஆகவே, மகள் கட்டப்போகும் பையனின் தகப்பன் என்னையும் மனைவியையும் படத்துக்கு அழைத்தபோது எனக்குக் குலைப்பன் காய்ச்சலே பிடித்தது. கியூபெக்கில் லொங்குய் என்ற ஊர்க்காரர், பிரெஞ்சு பேசும் வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். முதல் சந்திப்பே இருட்டிலா?

"முத்தம் வந்தால் நான் இருமுவன். நீர் குனிஞ்சு சப்பாத்தைத் தேடும்," என்று மனைவிக்குத் திட்டம் சொன்னேன்.

"பேசாமல் வாங்கோ. பிள்ளையின்ரை கலியாண விசயம். அந்தாளுக்கு முன்னாலை மானத்தை வாங்காதேங்கோ."

(மெட்ரோவில் நாலு தரம் இருமி ஒத்திகை பார்த்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறிவிட்டார்.)

படம் தொடங்கியது. முத்தத்தைக் காணோம். ஜெர்மன் ஆமி விட்டுப்போன ஒரு கிராமம். யார் முதலில் கதவைத் திறப்பது என்று வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது. பேக்கரிக்காரியோடு ஒருவரும் கதைப்பதில்லை; ஆமிக்கும் பாண் விற்றவளாம். எனக்கு இருமல் மறந்துபோனது. இந்தச் சனத்தை எனக்குத் தெரியுமே! ஆமி வந்துபோன எங்கள் ஊரைக் கண்ணாலும் காணாத ஒருவன், பனையை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறானே! வாயைப் பிளந்தபடி இருந்தேன்.

பிறகு ஆமியை எதிர்த்துச் சண்டைபிடித்த துவக்குக்காரர் வந்து, ஆமிக்கு உதவியது யார் என்று கேட்டு ஊரையே தேவாலயத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவன் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் ஊரில் ஆமி அப்படி ஆள்காட்ட வருபவனுக்குச் சாக்கால் முகத்தை மூடியிருக்கும். அவன் தலையாட்டினால் எதிரே நிற்பவரின் கதை முடிந்தது. இவன் கமராவுக்கு நேரே வந்து என்னையே பார்த்தான்.

"அடையாளப் பத்திரம்!" என்று திரையில் ஓர் அதட்டல்.

எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கை தலைக்கு மேலே. மற்றக் கையில் கியூபெக் சுகாதார அட்டை.

பின்வரிசையில் முணுமுணுப்பு. கலியாணம் குழம்பிவிட்டது என்று எனக்கு வியர்த்தது. பக்கத்திலிருந்த சம்பந்தி மெல்ல அட்டையை வாங்கினார். திரை வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, மிஸியே. நீங்கள் இருக்கலாம்," என்று பிரெஞ்சில் சொல்லித் திருப்பித் தந்தார். சிரிக்கவில்லை. அந்த மனிதரைப் பார்த்த மாதிரி நான் அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை.

கலியாணம் நடந்தது. இப்போதும் மருமகன் வீட்டுக்குப் போனால், வாசலில் கையை நீட்டி அட்டை கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறான். "இந்த மனிசனைப் போலப் பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை," என்று என் மனைவி விருந்தாளிகளுக்கெல்லாம் கதையை விரித்துச் சொல்வாள்.

அன்றைக்குச் சம்பந்தி பார்த்துத் திருப்பிக் கொடுத்தது இரண்டு அட்டை. மற்றது அவளுடையது.