வினோலியா உட்கார்ந்த படலம்

வாழ்க வினோலியா! ஊசி ஏந்திய கையினள், உறங்கா விழியினள், பகலெல்லாம் சிவகாசி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டைக் காத்து, மாலையில் வீடு திரும்பி, இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலை ஆண்டுகொண்டிருக்கும் கணவன் சேசுராஜையும் காக்கும் இருபெருங்களத்து வீராங்கனை! அவள் புகழ் பாடப் புகுந்தேன். கொதிக்கும் பாலே, நீ பொங்காமல் எனக்குத் துணை நில்.

நோயாளிக்குத் துணையிருந்து வாடி நிற்போரிடம், "உங்க உடம்பையும் பாருங்க, மொதல்ல உட்கார்ந்து ஒரு வாய் டீயைக் குடிங்க" என்று நாள்தோறும் ஆணையிடுவது அவள் வழக்கம். அன்று அழகுமீனா என்னும் தாய், மகனின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து, "சரி சிஸ்டர், நீங்க கடைசியா எப்ப உட்கார்ந்து குடிச்சீக?" என்றொரு கணை தொடுத்தாள். வினோலியாவுக்கு மூன்று மாதமாக அடுப்படியில் நின்றபடியே தொண்டையில் ஊற்றிக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது. மருந்து டிராலியின் மேல் கை வைத்து, "இன்று மாலை! கால் மணி நேரம்! சூடான டீ! அதுவும் உட்கார்ந்து!" என்று சூளுரைத்தாள்.

ஐந்தரை மணிக்கு மூண்டது போர். வீட்டின் ஒரே நாற்காலியை மடிக்காத துணிகள் குன்றெனக் குவிந்து கைப்பற்றியிருந்தன. ஒரே வீச்சில் அப்படையைத் தரையில் வீழ்த்தினாள். நாத்தனாரின் அழைப்பைச் சுமந்து துடித்த கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் சிறையிட்டாள். கூவுவதற்கு மூச்சிழுத்த குக்கரை, அடுப்பணைத்து அடக்கினாள். இஞ்சி மணக்க, ஆவி கொடியெனப் பறக்க, டம்ளர் தாங்கி அரியணை நோக்கி நடந்து, முழங்கால் மடக்கி, இருக்கைக்கும் இடுப்புக்கும் நான்கு விரற்கடையே எஞ்சிய அக்கணத்தில், உள்ளறையிலிருந்து எழுந்தது ஒரு முழக்கம்:

"லோடு வந்துருச்சு!"

அம்முழக்கத்தின் மறைபொருளைக் கூறாமல் மேலே செல்வது முறையன்று. சேசுராஜ், எதிர்வரிசைக் காலண்டர் அச்சகத்தில் இருபதாண்டு காலம் சரக்கிறக்கும் மேஸ்திரியாய்ச் சிறந்தவன். 'பெட்பேன் கொண்டா' என்று மனைவியிடம் கேட்க நாணி, படுத்த முதல் நாளே அவன் கண்டறிந்த குறிச்சொல் அது. தாமதித்தால் மெத்தை விரிப்புக்கு நேரும் பேரழிவை வினோலியா ஒருமுறை கண்டிருக்கிறாள்.

டம்ளர் துளியும் சிந்தாமல் தரை சேர்ந்தது. பெட்பேனைக் கேடயமென உயர்த்திப் பாய்ந்து வந்தவளைக் கண்டு திகைத்தான் சேசுராஜ். அவன் விரலோ சன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. அங்கே அச்சகத்து வாசலில், மலை போன்ற காகித உருளைகளைச் சுமந்து, ஒரு லாரி பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது.

"ஏட்டி வினோ, இது நெசமாவே லோடுட்டி! பேப்பர் லோடு! சீசன் ஆரம்பிச்சிருச்சு. பழக்கத்துல கத்திட்டேன்."

சினம் ஒரு கண்ணிலும் சிரிப்பு மறு கண்ணிலுமாக நின்ற அவ்வணங்கு, பெட்பேனைக் கட்டிலோரம் நாட்டி, தெருவெல்லாம் கேட்கப் பறைசாற்றினாள்:

"இந்தா பாருங்க! இன்னும் கால் மணி நேரத்துக்கு இந்தக் கம்பெனியில ஒரு லோடும் எறங்காது. வந்தா லாரியிலயே நிக்கட்டும்!"

அப்போதுதான் சேசுராஜ் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. இத்தனை நாளும் அதைக் கவனிக்காமல் கிடந்தோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"கேட்டைப் பூட்டியாச்சு மேடம்" என்றான். "நீ போயி உக்காரு. அம்புட்டையும் நான் அடக்கி வச்சுக்கிடுதேன்."

மீண்டாள் மங்கை. ஆவிக்கொடி சாய்ந்து, மேனியில் ஆடை படர்ந்து, வீழ்ந்த வேந்தனெனக் குளிர்ந்து கிடந்தது தேநீர். அஞ்சினாளா? அயர்ந்தாளா? சபதத்தைத்தான் துறந்தாளா? வீழ்ந்த துணிப்படையைத் தாண்டி, அரிசிச் சிறைக்குள் மீண்டும் துடித்த கைப்பேசியின் ஓலத்துக்குச் செவி சாய்க்காமல், அணைந்த அடுப்பில் வெற்றித் தீ வளர்த்து, தன் அரியணையைத் தானே இழுத்துச் சன்னலோரம் நிறுத்தி,

வினோலியா அந்த டீயைச் சூடு பண்ணி, உட்கார்ந்து குடித்தாள்.