மோப்பம் அண்ணனும் ஒரு போத்தல் எண்ணெயும்

மலேசியாவில் இந்தக் கெடா மாநிலத்திலேயே முப்பது வருடமாகத் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காத ஒரே இந்துத் தமிழர் எங்கள் மோப்பம் அண்ணன்தான். எந்தக் கோவில் வாசலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். நரகாசுரனே நேரில் வந்து, என் நினைவாக ஒரு சொட்டாவது வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று கெஞ்சியிருந்தாலும், அண்ணன் முதலில் அவன் தலையை மோந்து பார்த்திருப்பார். அப்புறம் வெளியே போய் நின்று பேசச் சொல்லியிருப்பார்.

இந்த வாரம் சிரிக்கும்படி யாரைப் பற்றியாவது எழுதுங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். சரி என்று வாய்விட்டுவிட்டேன். பாதிவரை வாக்கைக் காப்பாற்றுவேன், மீதிக்கு உத்தரவாதம் கிடையாது.

அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழிற்கல்லூரியில் படித்து, மருத்துவக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நான் அங்கே ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. எத்தனையோ கருவிகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஆனால் தாலி கட்டாத குறையாக அவர் காதலித்தது ஆக்ஸிஜன் அறையை மட்டும்தான்.

கட்டடத்தின் பின்புறம் இருந்த சிறிய அறை அது. சுவரோரம் ஆளுயரச் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒரு வரிசை தீர்ந்தால் அடுத்த வரிசையைத் திறக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் ஆக்ஸிஜன் குழாய் வழியாக வார்டு வார்டாகப் போய், கடைசி வார்டின் கடைசிக் கட்டிலில் முடியும்.

அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். மற்ற ஆஸ்பத்திரிகளில் இதை ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அண்ணன் பலகையை நம்பவில்லை, தன் மூக்கைத்தான் நம்பினார். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் வாசலில் தலையைக் குனிந்து காட்ட வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் வைத்த தமிழர், பீசாங் கோரெங் என்று பொரித்த வாழைப்பழம் தின்ற கையோடு வந்த மலாய்க்கார டிரைவர், வறுத்த கோழி சாப்பிட்ட சீன மேற்பார்வையாளர், அத்தனை பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்த நாட்டில் இன பேதமே பார்க்காத ஒரே வாசல் அதுதான். நான் மட்டும் பதினொரு முறை துரத்தப்பட்டிருக்கிறேன்.

ஒரு தடவை அரசாங்கப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ ஆக்ஸிஜன் அறையைத் திறந்துவைக்க வந்தார். புதுச் சாயம் பூசியிருந்தோம், அதற்குத்தான் அந்தத் திறப்புவிழா. டத்தோவின் தலைமுடி ஹேர்கிரீமில் பளபளவென்று படிந்திருந்தது. அண்ணன் பணிவாகக் கும்பிட்டார், கிட்டப் போனார், மோந்தார். பிறகு தலையில் எண்ணெய் இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று மலாயில் சொல்லிக் கதவை மூடிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. டத்தோ கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் கடிதத்தோடு தன் மேசை இழுப்பறையில் இருந்த ஒரு சாமானின் படத்தையும் இணைத்து அனுப்பினார். அதோடு விஷயம் அடங்கிவிட்டது.

அந்தச் சாமான் ஒரு ரெகுலேட்டர். சிலிண்டரின் வாயில் மாட்டும் பித்தளைத் துண்டு. பாதி உருகிக் கரிக்கட்டையாகக் கிடந்தது. பயிற்சிக் காலத்தில், எண்ணெய்க் கையோடு யாரோ அதைத் திறந்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றிருக்கிறார். திறந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

வேலையில் இப்படி என்றால் வீட்டிலும் அதே கதைதான். கல்யாண விருந்தில் வடையை முள்கரண்டியால் சாப்பிடுகிற ஒரே மனிதர். தலையணையில் எண்ணெய் ஒட்டும், அது தன் தலையில் ஒட்டும், தலையில் இருந்து கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு, மனைவி லெட்சுமி அக்காவின் தலைக்கும் எண்ணெயை நிறுத்திவிட்டார். அக்காவுக்கு இடுப்பைத் தாண்டும் கூந்தல். அது வருடக்கணக்காக வறண்டு, காற்றடித்தால் தனியாகக் கிளம்பிப் போய்விடும்போல நின்றது.

"நான் கழுத்த நீட்டுனது ஒரு மனுசனுக்கா, சிலிண்டருக்கா?" என்று அக்கா என்னிடம் கேட்டிருக்கிறார். "இருக்கட்டும் தம்பி. இவரு ரிட்டையர் ஆகுற அன்னைக்கு ஒரு போத்தல் எண்ணெய வாங்கி இவரு தலையிலயே கவுக்குறேன் பாரு."

அப்புறம் கொரோனா வந்தது. ஊர் உலகமெல்லாம் மூச்சுக்குத் தவித்தது. மற்ற நாடுகளில் ஆக்ஸிஜனுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றதைக் கைத்தொலைபேசியில் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எங்கள் வாசலிலேயே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன.

வெளிநாட்டு உதவியாக இருபது பெட்டிகள் வந்தன. காற்றில் இருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரங்கள். சடங்காகப் படமெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், அவற்றின் பிளக் நம் சுவரில் நுழையாது என்று தெரிந்தது. பாதிக்குமேல் நம் மின்சாரத்தில் போட்டால் புகைந்துவிடும். கொடுத்தவர்கள் மனது பெரியது, ஆனால் இங்கே என்ன பிளக் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் இயந்திரங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, அனுப்பிய நாட்டுப் பொறியாளரை வீடியோவில் பிடித்தார். அவருடைய முதல் கேள்வி, இவற்றைப் பொருத்தியபோது உங்கள் தலையில் எண்ணெய் இருந்ததா என்பது. அந்த வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றினார். மண்டையில் ஒரு முடிகூட இல்லை. அண்ணன் பரம திருப்தியோடு, "குட், வெரி குட்" என்றார்.

இரண்டு பேரும் ஆறு நாள் பேசினார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இயந்திரம் ஏன் அலறுகிறது, எந்த வடிகட்டியை எத்தனை நாளில் மாற்றுவது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் என்று. பதினொரு இயந்திரங்கள் உயிர் பெற்றன. மூச்சுத்திணறல் கொஞ்சமாக இருந்தவர்களுக்கு அவை போதும். முற்றிப்போனவர்களுக்குக் குழாய் ஆக்ஸிஜன்தான் வேண்டும்.

லெட்சுமி அக்கா முற்றிப்போய் வந்தார். இடம் இல்லாததால் கடைசி வார்டின் கடைசிக் கட்டிலில் போட்டார்கள். குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் தவிக்கப்போவது அந்தக் கட்டில்தான் என்று அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்டுக்குள் போய்விட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள், ஆக்ஸிஜன் அறைக்குத் திரும்புவது சிரமம் என்று அவர் அக்காவைப் பார்க்கவே போகவில்லை. சிலிண்டர்களின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்து அக்காவுக்குக் கொடுக்க முடிந்தது குழாயின் அழுத்தம் ஒன்றுதான்.

ஒரு காலையில் தாதி தன் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். "என்னங்க," என்றார் அக்கா, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்த நர்ஸு... தலைக்கு எண்ணெ வெச்சிருக்கு... வந்து மோந்து பாருங்க." அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

காஸ் லோரி தாமதமாகும் என்று செய்தி வந்த நாள். பக்கத்து ஊரில் மூடிக்கிடந்த ஒரு கிளினிக்கில் இருந்து ஆறு சிலிண்டர்களை இரவல் வாங்கி ஸ்டோரில் இறக்கினார்கள். வாயில் இருந்த மூடிகள் இறுகிப்போயிருந்தன. அண்ணன் அந்த நேரம் ஒரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து சிரமப்படாமல் தயாராக வைப்போம் என்று நினைத்தேன். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்து வீடுகளில் சைக்கிள் நட்டு இறுகினாலும் கதவுத் தாழ் இறுகினாலும் மருந்து ஒன்றுதான். என் இழுப்பறையில் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் இருந்தது. ஆறு வாயிலும் ஆறு சொட்டு விட்டேன். மூடிகள் வெண்ணெயாகக் கழன்றன. பதினொரு முறை துரத்தப்பட்டவனுக்கு, உள்ளே போகும்போதுதான் தலையில் எண்ணெய் கூடாது என்று பதிந்திருந்ததே தவிர, ஏன் என்பது அந்த நிமிடம் மண்டையில் உறைக்கவே இல்லை. இப்படி ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மதியம் அறையில் கடைசி வரிசை தீரத் தொடங்கியது. தள்ளுவண்டியில் ஆறையும் கொண்டுபோனேன். அண்ணன் முதல் சிலிண்டரைப் பிடித்தார், குனிந்தார், மோந்தார்.

"யாரு வெச்சா?"

"நான்தான் அண்ணே. இறுகிப் போயிருந்துச்சுலா..."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறு சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாக உருட்டி வெளியே வெட்டவெளியில் நிறுத்தினார். துடைத்துவிட்டுப் போடலாம் அண்ணே என்று அவர் பின்னாலேயே போனேன். அக்கா கடைசிக் கட்டிலில் இருக்கிறார் என்று சொல்லவும் சொன்னேன், அவருக்குத் தெரியாததுபோல. அவர் உள்ளே போய் அந்தக் கரிந்த ரெகுலேட்டரை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"துடைச்சா போகாது தம்பி. இது வெடிச்சா லைனே போயிரும். முப்பத்தெட்டு பேரு படுத்திருக்காங்க. அவ அதுல ஒருத்தி."

பிறகு வார்டுக்குப் போன் செய்து, தாங்கக்கூடியவர்களுக்கு அளவைக் குறைக்கச் சொன்னார். தீர்ந்துகொண்டிருந்த வரிசையில் மிச்சம் இருந்ததைச் சொட்டுச் சொட்டாகக் கறந்தார். நாற்பது நிமிடம். அழுத்தமானியின் முள் இறங்குவதைப் பார்த்தபடி, ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முறைகூட வார்டு இருந்த பக்கம் திரும்பவில்லை. லோரி வந்தது. முள் ஏறியது. முப்பத்தெட்டுப் பேரும் அன்று பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் அக்கா இறந்துபோனார்.

நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது, அந்த நாற்பது நிமிடத்தால் எதுவும் மாறவில்லை என்று டாக்டர் சொன்னார். நான் தனியாகப் போய்க் கேட்டபோதும் அதையே சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடியவரும்கூட. நான் இன்றுவரை நம்பவில்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை.

நம்மவர்கள் இறந்தவருக்குத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துத்தான் அனுப்புவோம். கொரோனா காலத்தில் அதெல்லாம் கிடையாது, பையில் வைத்துப் பூட்டி, நேரே தகனச்சாலை. அக்காவை இறக்கியபோது வாசலில் அண்ணனும் நானும் மட்டும் நின்றோம். அண்ணன் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். முப்பது வருடமாக எண்ணெயைக் கண்டால் விரட்டியவர், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டு, நெற்றியில் ஒரே ஒரு சொட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று காவலுக்கு நின்ற சுகாதார அதிகாரியிடம் மலாயில் கேட்டார். அந்த மலாய்க்காரப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "தா போலே, பாக்சிக்," முடியாது பெரியவரே என்று சொல்லிவிட்டு, கவசத்துக்குள்ளேயே அழுதது. அண்ணன் அதன் தோளைத் தட்டிக்கொடுத்தார். போத்தலை மூடித் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளே வேலைக்கு வந்தார். வாசலில் நின்று என் தலையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அதில் குறை வைக்கவில்லை.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். அந்தத் தீபாவளிக் காலையில் நாங்கள் இன்னும் குளிக்கக்கூட இல்லை, வாசலில் அண்ணன் வந்து நின்றார். கையில் அதே போத்தல். என் மனைவி ஓடிப்போய் நாற்காலி போட்டாள், நான் வைக்கிறேன் அண்ணே என்று கையை நீட்டினாள். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ வெய்யி தம்பி."

சிலிண்டருக்கு எண்ணெய் விட்ட அதே கை. உள்ளங்கையில் ஊற்றி அவர் உச்சியில் வைத்தேன். நரைத்த முடி, முப்பது வருட வறட்சி, ஊற்ற ஊற்றக் குடித்தது.

"நல்லா தேய்லா," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "அவ ஒரு போத்தல் முழுசா கவுக்குறேன்னு சொல்லியிருந்தா."

முழுப் போத்தலையும் தேய்த்தேன். வழிந்த எண்ணெயில் அவருடைய கண்ணீர் எது என்று எனக்குத் தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை. தேய்த்து முடித்ததும் பழக்கதோஷத்தில், "போய் சோப்பு போட்டு கைய கழுவு" என்றார். பதினொரு முறை அவர் சொல்லிக் கழுவியிருக்கிறேன், அன்று மட்டும் நான் கழுவவில்லை.