பால் காய்ச்சிய நேரத்தில் பார்த்த இன்டர்நெட்

எதையும் ஒரே தடவையில் தெரிவு செய்ய எனக்கு வராது. மகளின் பிறப்பைப் பதியப் போகிற வழியில், "பெயரை இன்னொருக்கால் யோசிப்பமா?" என்று காரை ஓரமாக நிறுத்தச் சொன்னவள் நான். (கணவர் ரகு நிறுத்தவில்லை. அதனால்தான் பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு பெயர் இருக்கிறது.) அப்படிப்பட்டவளிடம் ஒரு கிராமத்து வீட்டுக்கு இன்டர்நெட் தெரிவு செய்யும் பொறுப்பைக் கொடுத்தது குடும்பத்தின் பிழை என்றுதான் இப்போதும் வாதாடுகிறேன்.

ரகுவுக்கு அவிசாவளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெள்ளவத்தையிலிருந்து விடிய முன்னம் போய், பிள்ளை நித்திரையான பிறகு வருவார். மகள் அவரை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கியதும், ஹங்வெல்லவுக்கு அப்பால், றப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம்.

எனக்கு வேலை கொள்ளுப்பிட்டியில், வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ஒரு அலுவலகத்தில். பிரசவ லீவு முடியப்போகிறது. மேலாளர் ரிஸ்னா மெடத்திடம் கெஞ்சிக் கேட்டதில் அவர் இறங்கி வந்தார்.

"சரி, ஊட்டுல இருந்து செய்ங்க தர்ஷினி. ஆனா மொத லண்டன் மீட்டிங்லயே லைன் கட்டானா, அடுத்த நாள் ஒஃபிசுக்கு வந்துரணும்."

மகள் தாய்ப்பால் குடிக்கிறவள். அங்கிருந்து தினமும் கொள்ளுப்பிட்டிக்குப் போய்வர முடியாது. ஆக, லைன் கட்டானால் வேலையும் கட்.

நான் விசாரணையில் இறங்கினேன். காலி வீதியில் மருந்துக் கடைக்காரரைக்கூட விடவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன், "வானத்தில இருந்து வாறதை எடுங்கோ அக்கா" என்றான். கீழ் மாடி அங்கிள், "கம்பியில வாறதைத் தவிர ஒண்டையும் நம்பாதை" என்றார். நுகேகொடைக் கடையில் நின்ற பிள்ளையோ, சிம் போட்டு டவரிலிருந்து நெட் எடுக்கும் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தடவி, "இதைவிட ஸ்பீட் ஒண்டும் இல்ல மிஸ்" என்றாள். இரவில் எடுத்த முடிவைக் காலையில் மாற்றினேன். கடைசியில், விஞ்ஞானபூர்வமாக, அந்த வீட்டுக்கே போய்ச் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

அதற்குக் கிடைத்தது பால் காய்ச்சப் போன நாள் மட்டும்தான். எங்களோடு இருக்கும் மாமி, அதாவது ரகுவின் அம்மா, கோயில் ஐயரிடம் நல்ல நேரம் கேட்டுவந்தார். விடியற்காலை, ஐந்து மணிக்கு முன்னம்!

மாமி அடுப்பைப் பற்றவைத்தார். நான் மூலையில் குந்தியிருந்து, வெவ்வேறு கம்பனி சிம் போட்ட எங்கள் மூன்று பேரின் போன்களையும் வரிசையாக அடுக்கிச் சோதித்தேன். என் போனில் வேகம் காட்டும் முள் ஏறியது, ஏறியது, வெள்ளவத்தையில் ஒருநாளும் தொடாத இடத்தைத் தொட்டது.

"ஐயோ, பாருங்கோ!" என்று கத்தினேன்.

"பாக்கிறன் பிள்ளை, கிழக்காலதான் பொங்குது" என்றார் மாமி, பாற்பானையைக் கும்பிட்டபடி.

அன்றைக்கே அந்தக் கம்பனியின் வெள்ளைப் பெட்டியை நீண்ட ஒப்பந்தத்தில் வாங்கிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மறுபடி யோசிக்கவில்லை. (அந்த ஒரு தடவைதான் யோசித்திருக்க வேண்டும்.)

சனிக்கிழமை குடிபோனோம். ஞாயிறு சாமான் அடுக்குவதிலேயே போனது. திங்கள் பின்னேரம் மூன்று மணிக்கு மீட்டிங். இரண்டரைக்கே பின்னணியில் ஒரு புத்தக அலுமாரிப் படத்தைப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். மாமியை மகளோடு அறைக்குள் அனுப்பினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டேன். தூக்கி யன்னலில் வைத்தேன். பிறகு சாமிப் படத்துக்குப் பக்கத்திலும் வைத்தேன். வட்டம் நிற்கவில்லை.

அழுகிற முகத்தோடு முற்றத்துக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு சோமா அக்கே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அலறினேன்.

"இப்ப எங்க துவ நெட்?" என்றார் அவர் சிங்களத்தில், என்னை மகளாக்கி, மிகச் சாதாரணமாக. "பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஊர்ப் பிள்ளையள் எல்லாத்துக்கும் போன்ல கிளாஸ். இருட்டினா படம் பாக்கிற ஆக்கள். விடியக்காலமை எண்டா நல்லா வரும். அவசரம் எண்டா பஸ் ஹோல்ட்டுக்கு ஓடுங்க, அங்க மற்ற டவர் பிடிக்கும்."

கணக்காளராகப் படித்தவள் நான். ஊரே உறங்கும் நேரத்தில் அளந்துவிட்டு, ஊர் விழித்திருக்கும் நேரத்துக்கு வாங்கியிருக்கிறேன்!

மடிக்கணினியை அணைத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மாமி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் குடையுமாக. பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் குந்தி, போனிலிருந்து இணைப்பு எடுத்து உள்ளே நுழைந்தபோது மூன்று மணி கடந்திருந்தது. ஆனால் படம் தெளிவு, குரலும் தெளிவு. என் தலைக்குப் பின்னால் புத்தக அலுமாரி கம்பீரமாக நின்றது.

லண்டன்காரர் தளபாடக் கடை வைத்திருப்பவர். விற்காமல் தேங்கிய பழைய சரக்கை இந்த வருடக் கணக்கிலேயே நட்டமாகக் கழித்துவிடலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவும் ஒரு பஸ் கிறீச்சிட்டு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"நோனா, நகினவாத? கொட்டுவ, கொட்டுவ!" என்று கொழும்புக் கோட்டைக்குப் போக ஏறச் சொல்லிக் கத்தினார் கொண்டக்டர்.

நான் பலமாகத் தலையாட்டினேன், இல்லை என்று. அவர் விடவில்லை. பிள்ளையோடு நிற்கும் மாமியைக் கண்டு இரக்கப்பட்டு, இறங்கிவந்து குடையை வாங்கி உதவப் பார்த்தார். நான் இன்னும் பலமாக, கழுத்துச் சுளுக்கும்படி ஆட்டினேன்.

"போ தம்பி, போ!" என்று மாமி குடையை இழுத்தார். "இஞ்ச லண்டன் மீட்டிங் நடக்குது!"

பஸ் முழுவதும் யன்னலுக்கு வந்தது. மகள் எல்லோரையும் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அலுமாரியின் நடுவிலிருந்து கொண்டக்டரின் பாதித் தலை தோன்றி மறைந்தது.

திரையில் லண்டன்காரர் பேனையைக் கீழே வைத்தார். "அவ்வளவு உறுதியாக வேண்டாம் என்கிறீர்களா? அப்படியானால் பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

என் அறிக்கையில் நான் எழுதியிருந்தது, "பொறுத்துப் பார்ப்பது பற்றியும் பரிசீலிக்கலாம்" என்று. அந்த வசனத்தைப் பாதி இரவு அழித்து அழித்து எழுதியவளைப் பார்த்து ஒரு மனிதர் உறுதி என்கிறார்!

மீட்டிங் முடிந்த கையோடு ரிஸ்னா மெடம் அழைத்தார்.

"தர்ஷினி, நீங்க எங்க ஈக்கீங்க?"

"பஸ் ஹோல்ட்டில மெடம்." பொய் சொல்லும் தெம்பு இல்லை. பால் காய்ச்சியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அந்த மனுசன் இனி ஒங்களோடதான் பேசுவாராம். நேராப் பேசுற ஆளாம் நீங்க." மறுபடி சிரிப்பு. "ஊட்டுலயே இருந்து செய்ங்க. ஆனா ஹோல்ட்ல இருந்து வாணாம்."

அந்த வாங்கிலேயே சாய்ந்து, மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து பின்னேரங்களில் மட்டும் சோதனை செய்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கம்பியில் வரும் பழைய இணைப்புதான் வென்றது. வேகத்தில் வெள்ளைப் பெட்டியின் பாதிகூட இல்லை. ஆனால் எந்த நேரம் பார்த்தாலும் அதே நடை. அதையே எடுத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் மாமி என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார், "பின்னேரமும் பாத்தாச்சோ?" போன மாதம் கொட்டாஞ்சேனையில் என் ஒன்றுவிட்ட தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்கள், பெடியன் தங்கமான குணம் என்றார்கள்.

"எத்தினை மணிக்குப் போனியள்?" என்றார் மாமி.

"காலமை, நல்ல நேரத்தில மாமி."

"அது காணாது. பின்னேரமும் ஒருக்கால் சொல்லாமல் போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தார்கள். பெடியன் பின்னேரமும் அப்படியேதான் இருந்தாராம். வைகாசியில் கலியாணம்.